நிலத்தடி வில்லங்கம்

கேட்ரின்: …கடைசியா அந்தக் கரிச் சுரங்க ஆபீஸ் பதிலும் எங்க வக்கீலுக்கு வந்திடுச்சு! அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். சுத்தம். உங்க வீட்டுல ஒரு வில்லங்கமும் இல்ல.

எம்லின்: ஒண்ணுமே இல்லையா?

கேட்ரின்: என்ன இப்படிக் கேக்கறீங்க? வீட்டை விக்கிறவர் சந்தோஷமில்ல படணும்!

மென்னா: எம்லினுக்குச் சந்தோஷம் வந்தா இப்படித்தான் இருமுவாரு. உட்காரும்மா. டீ ஊத்தறேன். கேக்கை இப்பத்தான் கல்லுலேருந்து எடுத்தேன், விரலைச் சுட்டுக்காதே.

கேட்ரின்: மிஸஸ் ப்ரைஸ், வர்றப்பல்லாம் எனக்கு எதையாவது…

மென்னா: மென்னான்னு கூப்பிடு. இந்த அடுக்களையே உன்னோடது ஆகப்போகுது, இன்னும் என்ன மிஸஸ்?

எம்லின்: அந்த வக்கீல் வேற என்னென்ன தேடினாராம்?

கேட்ரின்: தேடாததே இல்ல. சாக்கடை எந்தப் பக்கம் போகுது, தெரு யாருக்குச் சொந்தம், மலைமேல காற்றாலை வரப்போகுதா, ஆத்துல வெள்ளம் வந்தா வீடு முழுகுமா…

எம்லின்: இவ்வளவு மேட்டுக்கு ஆறு எங்க ஏறும்? நானே நின்னு நின்னுதான் ஏறறேன்.

கேட்ரின்: இன்னொண்ணு கேளுங்க. அந்தப் பழைய சர்ச்சுக் கூரை ஒழுகினா நாங்க செலவு பண்ணணுமான்னுகூடப் பார்த்திருக்காங்க. சில வீட்டுக்காரங்க தலையில அப்படி ஒரு பழைய கட்டாயம் இருக்காமே!

எம்லின்: நம்ம வீட்டுக்கு இருக்கா?

கேட்ரின்: இல்ல.

எம்லின்: நல்லவேளை. நாங்க பரம்பரையா சேப்பல் ஆளுங்க, சர்ச்சோட ஒட்டாத தனிச் சபை. சர்ச்சுக் கூரை காத்துல பறந்தா கைதட்டி வழியனுப்புவோம்.

மென்னா: நீ சேப்பலுக்குப் போயே எத்தனை வருஷமாச்சு?

எம்லின்: நான் போகாம இருக்கிறது சேப்பலுக்கு. சர்ச்சுக்கு இல்ல. அதுல வித்தியாசம் இருக்கு.

கேட்ரின்: எங்க வீட்டுக்காரர் ஓவைன்கிட்ட இதைச் சொல்லணும், விழுந்து விழுந்து சிரிப்பாரு…

மென்னா: கரிப் பதில்ல என்னம்மா எழுதியிருந்துச்சு? சரியாச் சொல்லு.

கேட்ரின்: ரொம்ப ஆழத்துல கரி வெட்டியிருக்காங்களாம்…

எம்லின்: வெட்டினது யாரு? நான்தான். இந்தத் தெருவுக்குக் கீழ நான் தவழாத இடமில்ல.

கேட்ரின்: …ஆனா அது என்னைக்கோ நின்னுபோச்சு. மண்ணு நல்லா அமுங்கி உட்கார்ந்தாச்சு. வீட்டுப் பக்கத்துல குழி கிழி எதுவும் பதிவுல இல்ல. அவ்வளவுதான்.

மென்னா: பதிவுல இல்ல.

கேட்ரின்: ஆமா.

மென்னா: யாராவது வந்து தரையைத் தட்டிப் பார்த்தாங்களா?

கேட்ரின்: அதெல்லாம் யாரு வர்றா? ஆபீஸ்ல உட்கார்ந்து பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதறதுதானே…

எம்லின்: மென்னா, அந்தச் சர்க்கரையை இந்தப் பக்கம் தள்ளு.

மென்னா: உனக்குச் சர்க்கரை கூடாது.

எம்லின்: இன்னைக்குக் கூடும். தள்ளு.

கேட்ரின்: இந்த வாரமே கையெழுத்துப் போட்டுடலாம்னு வக்கீல் சொல்றாரு. நீங்களும் உங்க புது வீட்டுக்குக் கிளம்பிடலாம்.

எம்லின்: படியே இல்லாத வீடும்மா அது. கடைத்தெருவை ஒட்டி, சமதரையில. இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு இன்னொரு குளிர்காலத்தை இந்த மேட்டுல தள்ள முடியாதுன்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டாரு. உள்ள பூரா கரித்தூசி. நீங்க இதை வாங்கினாத்தான் நாங்க அதை வாங்க முடியும். அதை விக்கிறவங்களும் இந்த வாரத்துக்கு மேல பொறுக்கமாட்டாங்க…

மென்னா: அவளுக்குத் தெரியும் எம்லின்.

எம்லின்: உனக்கும் தெரிஞ்சா சரி.

கேட்ரின்: என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?

எம்லின்: கல்யாணம் ஆனதுலேருந்து அதே சண்டைதான். புதுசா ஒண்ணுமில்ல.

கேட்ரின்: எங்க வீட்டுலயும்தான். ஓவைன் இப்பவே டிராம்போலின் பார்த்து வெச்சிருக்காரு, நான் வீட்டுக்குள்ள வந்தப்புறம் வாங்கலாங்கறேன். எங்க பொண்ணு மாலிக்கு மூணு வயசு. நாள் பூரா குதி, குதிதான். கீழ்வீட்டுக்காரங்க மேல வந்து கதவைத் தட்டறாங்க. இங்க பின்னாடி அந்தக் கரிக்கொட்டகையை இடிச்சிட்டு அங்க போட்டா…

மென்னா: அங்க வேண்டாம்.

எம்லின்: ஆமா… அங்க வெயிலே வராது.

கேட்ரின்: இப்பகூட அங்கதானே அடிக்குது? ஜன்னல் வழியாப் பாருங்க.

எம்லின்: இன்னைக்கு ஏதோ வழி தப்பி வந்திருக்கு.

கேட்ரின்: சரி, கொட்டகையை மட்டுமாவது இடிக்கலாமா?

எம்லின்: நாயைப் புதைச்சிருக்கோம்மா. பாவம்.

மென்னா: நாம எப்ப நாய் வளர்த்தோம்?

எம்லின்: …பக்கத்து வீட்டு நாய்.

கேட்ரின்: பக்கத்து வீட்டு நாயை உங்க கொட்டகையிலயா? என்ன விஷயம்? ரெண்டு பேரும் முழிக்கிற முழியே சரியில்ல.

மென்னா: இன்னொரு கேக் எடுத்துக்கோம்மா.

கேட்ரின்: கேக் வேண்டாம். மென்னா… நான் பிள்ளையைக் கூட்டிட்டு வரப்போறேன் இங்க.

எம்லின்: மென்னா, என்னை அப்படிப் பார்க்காதே.

மென்னா: நான் யாரையும் பார்க்கல. என் டீயைத்தான் பார்க்கறேன்.

எம்லின்: சரி… சரி! சொல்லித் தொலைக்கிறேன். அந்தக் கொட்டகைக்குக் கீழ ஒரு குழி இருக்கு.

கேட்ரின்: பதிவுல இல்லைன்னு…

எம்லின்: பதிவு பண்ணிட்டுத்தான் தோண்டுவாங்களா? எண்பத்திநாலாம் வருஷம்மா. சுரங்கத்துல வேலைநிறுத்தம். நீ பொறந்திருக்கவே மாட்டே. குளிர் வந்திடுச்சு, சம்பளம் இல்ல, தொழிலாளிக்குன்னு வர்ற கரியையும் நிறுத்திட்டாங்க. கரிக்கு மேலயே குடியிருந்துக்கிட்டு குளிர்ல நடுங்கினோம். எங்க ரோத்ரி அப்ப கைக்குழந்தை. மூச்சு விட்டா வீட்டுக்குள்ளயே புகை மாதிரி தெரியும். இந்தச் சரிவுல சில இடத்துல கரி மேலாவே கிடக்கும், மண்வெட்டி போட்டாலே கிடைச்சிடும். ஊரே தோண்டுச்சு. நானும்… கொட்டகைக்குள்ள தோண்டினேன்.

கேட்ரின்: அப்புறம் யாருமே சொல்லலையா?

எம்லின்: மேலத்தெருவுல ஒருத்தன் இப்படித் தோண்டப்போய், மண்ணு சரிஞ்சு போய்ச் சேர்ந்துட்டான். அதுக்கப்புறம் எவனும் வாயைத் திறக்கல. பலகை போட்டு, மேல கல்லுப் பாவி மூடியாச்சு. அதுமேல இத்தனை வருஷமா கரி மூட்டை அடுக்கி வெச்சிருக்கோம், ஒண்ணும் ஆகல.

கேட்ரின்: எங்க வக்கீல் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?

எம்லின்: சொன்னா யாரும்மா வாங்குவா?

கேட்ரின்: மாலி அதுமேல குதிச்சிருப்பா!

எம்லின்: தெரியும். அதனாலதான் நாயையெல்லாம் புதைச்சேன்.

கேட்ரின்: சிரிப்புக் காட்டாதீங்க, ப்ளீஸ்.

எம்லின்: சிரிக்கலம்மா. வெட்கமா இருக்கு.

கேட்ரின்: …உள்ள எவ்வளவு தூரம் போகுது அது?

எம்லின்: கொட்டகைச் சுவரோட சரி. ஒரு ஆள் படுக்கிற அளவுதான். ரெண்டு லாரி கல்லைக் கொட்டி சிமெண்டு ஊத்தினா முடிஞ்சுபோச்சு.

கேட்ரின்: அவ்வளவுதானா? நிஜமா?

எம்லின்: அவ்வளவேதான்.

கேட்ரின்: அப்ப… நான் ஓவைன்கிட்ட பேசறேன். வக்கீல்கிட்டயும் சொல்லியாகணும். விவரம் தெரிஞ்ச ஆளை வெச்சு அடைச்சிட்டா போதும்னு நினைக்கிறேன். கொஞ்ச நாள் தள்ளிப்போகும், உங்க புது வீட்டுக்காரங்ககிட்ட நானே பேசிப் பொறுக்கச் சொல்றேன். எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. உங்களையும் பிடிச்சிருக்கு. அந்த நாயைத் தவிர.

எம்லின்: கேட்டியா மென்னா! தங்கமான பொண்ணு. சொன்னதே நல்லதாப் போச்சு. எனக்கு இன்னொரு டீ ஊத்து.

மென்னா: எம்லின்…

எம்லின்: பால் கொஞ்சம் தூக்கலா.

மென்னா: நீ எங்க தோண்டினே? நீ ஊர்லயே இல்ல. விடியறதுக்கு முன்னாடி மறியலுக்குப் பஸ் ஏறினா இருட்டினப்புறம்தான் வருவே.

எம்லின்: அதை விடு. எல்லாம் சரியாயிடுச்சு.

கேட்ரின்: அப்ப யாரு தோண்டினது?

எம்லின்: யாரா இருந்தா என்னம்மா…

மென்னா: நான்.

கேட்ரின்: நீங்களா!

எம்லின்: பொம்பளை மண்ணுக்குள்ள இறங்கினான்னு தெரிஞ்சிருந்தா சுரங்க ஆளுங்க கிளப்புல என்னைச் சிரிச்சே கொன்னிருப்பாங்க. வேலைக்குப் போற வழியில பொம்பளை எதிர்ல வந்தாலே வீட்டுக்குத் திரும்பிப் போற ஆளுங்க அவங்க. அதான், நான் தோண்டினதாவே இருக்கட்டும்னு இருந்துட்டேன். யாரு தோண்டினா என்ன? குழி அதே குழிதானே?

மென்னா: எதுவரைக்கும் போகுதுன்னு தோண்டினவளுக்குத்தானே தெரியும்?

எம்லின்: சுவர் வரைக்கும்னு நீதானே சொன்னே?

மென்னா: சொன்னேன்.

எம்லின்: மென்னா…

மென்னா: நிஜத்தைச் சொல்லியிருந்தா, நீ அன்னைக்கே அடைச்சிருப்பே. அப்புறம் கரிக்கு எங்க போறது? நீ எட்டிப் பார்க்கிறதுக்குள்ள நானே பலகை போட்டு மூடிட்டேன்.

எம்லின்: இப்ப எதுக்கு இதெல்லாம்? அந்தப் பொண்ணுதான் சரின்னுட்டாளே! அந்த வீடு கைவிட்டுப் போயிடும் மென்னா. என் மூச்சு…

மென்னா: உன் மூச்சை ராத்திரி பூரா பக்கத்துல படுத்துக் கேக்கறவ நான். எனக்குத் தெரியாதா? ஆனா கொட்டகையை அடைச்சா போதும்னு இவ நம்பிப் போறாளே எம்லின்… பிள்ளையைத் தூக்கிட்டு வரப்போறாளே.

கேட்ரின்: மென்னா, எதுவரைக்கும் போகுது?

மென்னா: கரி போன பக்கமெல்லாம் போனேன்மா. உள்ள எந்தப் பக்கம் போறோம்னே தெரியாது. கையில ஒரு வாளி, ஒரு சுத்தி, அவ்வளவுதான். ரோத்ரியை அடுப்புக்குப் பக்கத்துல தொட்டில்ல விட்டுட்டுத்தான் இறங்குவேன். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற இடம்தான். ஒருநாள் கரியைத் தட்டிக்கிட்டே இருக்கேன்… அவன் அழற சத்தம் என் தலைக்கு நேர் மேல கேட்டுச்சு.