சிமல்கட் மேட்டில் கேட்ட சிரிப்பு

சண்டை நடக்கப்போகும் காலையில் யாருக்கும் சாப்பாடு இறங்காது என்பார்கள். எங்கள் முகாமில் அப்படியில்லை, மந்திரியாரே. எல்லாருக்கும் நன்றாகப் பசித்தது. சிலர் கள்ளை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அடுப்படிக்குப் பொறுப்பாளன் என்ற முறையில் எனக்கு மனநிறைவாக இருந்தது.

உங்கள் தாருகோட் அரசர் எனக்குக் குதிரையும் பட்டமும் தர விரும்புவதாகச் சொன்னீர்கள். நான் அவருக்காக எதையும் செய்யவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் முறை.

எங்கள் சிமல்கட் படைக்குத் தளபதி என் அண்ணன் பஹல்மான். என் முதல் சண்டையில் காதருகே ஒரு துப்பாக்கி வெடித்தபோது நான் ஆட்டுக்குட்டி மாதிரி "மே" என்று கத்திவிட்டேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே என்னை அடுப்படிக்கு அனுப்பினார். அதன்பிறகு நான் சோற்றுக் கூடையோடு வரும்போதெல்லாம் படையே "மே... மே..." என்று வரவேற்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. சிரிக்கத் தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் இருந்த மேட்டை நீங்களே பார்த்தீர்கள். ஏறி வர ஒற்றையடிப் பாதை. மேலே, உருட்டிவிடத் தயாராக வரிசையாகப் பாறைகள். எங்களில் பத்துப் பேர் தெளிவாக இருந்திருந்தால்கூட உங்கள் படை கீழே ஓடும் ஆற்றோடு போயிருக்கும்.

மலைச்சரிவில் குராஸ் மரங்கள் சிவப்பாகப் பூக்கும் மாதத்தில் மலைத்தேனீ கட்டும் சிவப்புத் தேனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கரண்டி உள்ளே போனால் தலை சுற்றும், சிரிப்பு வரும். அதற்கு மேல் போனால் கால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அதைக் கேழ்வரகுக் கள்ளில் கலந்தேன். கசப்புத் தெரியாமலிருக்க இஞ்சி தட்டிப் போட்டேன்.

"என்னடா மே-மே, இன்னிக்குக் கள்ளு ஆளைத் தூக்குது!" என்றார் பீரங்கிக்காரர் தோலே.

"இன்னொரு குவளை ஊத்தவா அண்ணே?"

"இதென்ன கேள்வி? ஊத்து, ஊத்து."

வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. பீரங்கிக்குக் குளிருகிறது என்று தோலே தன் போர்வையைக் கழற்றி அதற்குப் போர்த்தினார். கொம்பு ஊதுகிறவன் கொம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தான்தான் அரசன் என்றான். எல்லாரும் அவனை வணங்கினார்கள், குனிந்தவர்கள் எழவில்லை. பாறைகளைப் பந்தயம் வைத்து உருட்டினார்கள், பின்பக்கச் சரிவில். அங்கே யாருமில்லை. ஒவ்வொரு பாறைக்கும் கைதட்டல்.

அண்ணன் தள்ளாடிக்கொண்டு வந்தார்.

"டேய் தம்பி, ரெண்டு மலை தெரியுதுடா. நான் எதைக் காக்கறது?"

"ரெண்டையும் காத்துடுங்க அண்ணா."

"ஐயையோ, அவ்வளவு ஆளு நம்மகிட்ட இல்லையேடா!"

என் தோளில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமான காலை என் வாழ்நாளில் வந்ததில்லை.

உங்கள் ஆட்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். ஈட்டிகளை எதிர்பார்த்து ஏறுகிறவனுக்கு மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும். "இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு, திரும்புங்கடா" என்று உங்கள் படைத்தலைவர் சொன்னது எனக்குக் கேட்டது. கீழே இறங்கவும் ஆரம்பித்தார்கள். அப்படியே விட்டிருந்தால் எங்கள் ஆட்கள் சாயங்காலம் வாந்தியும் தலைவலியுமாக எழுந்திருப்பார்கள். என்னைக் கொஞ்ச நாள் திட்டியிருப்பார்கள். அவ்வளவுதான்.

நான் கைகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கிப்போனேன்.

"சூழ்ச்சியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. வாங்க. மேல யாராலயும் நிக்கக்கூட முடியாது."

உங்கள் படைத்தலைவர் நம்பவில்லை. அதனால் நானே முன்னால் நடந்து அவர்களைக் கூட்டிவந்தேன்.

தோலே உங்கள் வீரன் ஒருவனைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். கத்தி இறங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. யாரும் ஓடவில்லை. ஒருவர்கூடக் கத்தவில்லை, நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தளபதி யார் என்று கேட்டார்கள். நான்தான் காட்டினேன். அண்ணன் மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாடா, என் தங்கம்" என்று கையை நீட்டினார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தக் கையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மற்றதை உங்கள் ஆட்கள் செய்தார்கள்.

கேலியே இல்லாமல் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் முறை. அந்தச் சிரிப்புக்கும் தேனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.