நாற்பது விநாடி அமைதி

எல்லா அறைகளும் ஒரே மாதிரி அமைதியாக இருப்பதில்லை. தாளும் பேனாவும் கொடுத்து நீங்கள் என்னை உட்கார வைத்திருக்கும் இந்த அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாக முனகுகிறது. சுவருக்கு அப்பால் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். எட்டு வருடமாகப் படத்தொகுப்பு வேலை பார்ப்பவனுக்கு எங்கே போனாலும் காது முதலில் இதைத்தான் பிடிக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் ஆளை எழுந்திருக்க விடமாட்டோம். அப்படியே உட்காரச் சொல்லி, யாரும் பேசாமல் நாற்பது விநாடி பதிவு செய்வோம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை அந்த அறையின் சொந்தச் சத்தத்தால்தான் நிரப்ப முடியும். கேமராவும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

நகராட்சித் தேர்தலில் பதவியில் இருந்த தலைவருக்கு எங்கள் நிறுவனம் விளம்பரம் செய்தது. அதே சமயம், உள்ளூர் தொலைக்காட்சி ஒன்றுக்காக எல்லா வேட்பாளர்களையும் பேட்டி எடுக்கும் பொறுப்பையும் எங்கள் முதலாளி வாங்கிவைத்திருந்தார். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல் என்பது வேட்பாளர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமில்லை என்று அப்போது நினைத்தேன்.

தலைவரை எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊர் முழுக்க அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் மேல் சொல்வதற்கு எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. எட்டு வருடங்களுக்கு முன் அவருடைய பள்ளிக்கூடத்தில் தரைக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று விழுந்து இறந்துபோனது. பூட்டி வைத்திருக்க வேண்டிய இரும்பு மூடி திறந்து கிடந்தது. “சாவி என் பொறுப்பு” என்று டீச்சர் எழுதிக்கொடுத்தார். ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விபத்து என்று வழக்கு முடிந்தது. குழந்தையின் அம்மா ஒரு தையல்காரர். அவரே டீச்சரை மன்னித்து, இந்தத் தேர்தலில் வீடு வீடாகப் போய் டீச்சருக்கு ஓட்டுக் கேட்டார். தலைவரின் ஆட்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

பேட்டியில் கேள்வி கேட்டவர் எங்கள் அலுவலகத்துப் பெண். முதலாளி எழுதிக்கொடுத்த கேள்விகளில் அது கடைசி.

“அன்னைக்கு மூடி திறந்து கிடக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?”

“தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நானே போய் மூடியிருப்பேனே.”

கேள்வி முடிந்து ஒரு விநாடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. அப்புறம், ஒலிப்பதிவையும் பார்த்துக்கொண்ட நான் வழக்கம்போல நாற்பது விநாடி சும்மா உட்காரச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இத்தனை வருஷம் பிள்ளைங்ககிட்ட நான் சொன்னது. இப்ப நீங்க எனக்குச் சொல்றீங்க. கையைக் கட்டிக்கணுமா?”

“வேண்டாம் டீச்சர். மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாப் போதும்.”

மறுநாள் முதலாளி என் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“பட்டுன்னு சொல்லிட்டுப் போயிடுச்சுப்பா அந்தம்மா. இதுல நமக்கு என்ன இருக்கு?”

அவர் அதோடு விட்டிருப்பார். அவரைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த யோசனை அவருடையது அல்ல. “சும்மா உட்கார்ந்திருந்தது இருக்கு சார்” என்று நான்தான் சொன்னேன்.

செய்து காட்ட இருபது நிமிடம் ஆனது. கேள்வி அப்படியே இருக்கிறது. பிறகு, அந்த நாற்பது விநாடியில் பதினான்காவது விநாடியிலிருந்து டீச்சரின் முகம். நிமிர்ந்து பார்க்கிறார். எதையோ சொல்ல வருவதுபோல உதடு அசைகிறது. சொல்லாமல் விழுங்குகிறார். கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். ஒன்பது விநாடி. அதோடு திரை கருப்பாகிறது. வாசகம் எதுவும் போடவில்லை. பின்னணி இசை வேண்டுமா என்று முதலாளி கேட்டார், வேண்டாம் என்றேன். இசை போட்டால் யாரோ செய்தது என்று தெரிந்துவிடும்.

முதலாளி என் தோளைத் தட்டினார். “பாரு, நாம ஒரு வார்த்தையை மாத்தினோமா? இல்லை. பொய் சொன்னோமா? அதுவும் இல்லை. பாக்கறவன் என்ன நினைச்சுக்கறானோ அது அவன் பாடு.”

கேள்வி கேட்ட பெண் மட்டும் கதவருகே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கேட்டேன், அவங்க பதில் சொன்னாங்க. என் காதால கேட்டது. நீ அதை எடுத்துட்டு, மனுஷி சும்மா உட்கார்ந்திருந்ததைப் பதில்னு வைக்கறே. இதுக்குப் பச்சைப் பொய்யே தேவலை. அதுலயாவது சொன்னவன் யாருன்னு இருக்கும்.”

“எல்லாக் கட்சியும் செய்யறதுதானே” என்றேன்.

“எல்லாரும் செய்யறாங்கன்னா நீ ஏன் என் முகத்தைப் பாக்காம பேசறே?”

அன்று சாயங்காலமே வேலையை விட்டுப் போனார். பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் நடந்ததைச் சொன்னாராம். சண்டை போட்டுக்கொண்டு போனவள் அப்படித்தான் பேசுவாள் என்று முதலாளி சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். பேட்டியின் மூலப் பதிவு அழிந்துவிட்டது என்று நான் சொன்னதையும் நம்பினீர்கள். அது அழியவில்லை. இந்தத் தாளோடு சேர்த்து வைத்திருக்கும் சின்னச் சேமிப்புப் பெட்டியில் முழுவதும் இருக்கிறது.

விளம்பரம் எல்லோருடைய கைபேசிக்கும் போனது. குழந்தையின் அம்மாவுக்கு அதை யார் காட்டினார்கள் என்று தெரியவில்லை. தெருவில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தாராம். கையிலிருந்த துண்டறிக்கைகளை அப்படியே ஒரு வீட்டுப் படியில் வைத்துவிட்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார். நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். அழவில்லையாம், கத்தவில்லையாம்.

“எட்டு வருஷமா உங்க கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன் டீச்சர். தெரிஞ்சுதான் விட்டீங்களா?”

“நான் பதில் சொன்னேம்மா. அதை எடுத்துட்டாங்க.”

“அப்ப யார் திறந்து போட்டதுன்னு சொல்லுங்க. அதையாவது சொல்லுங்க.”

டீச்சர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை யாரும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. அந்த அம்மா அங்கிருந்து நேராக உங்களிடம் வந்து புகார் எழுதிக்கொடுத்தார். தேர்தலில் டீச்சர் தோற்றதை யாரும் பெரிதாகப் பேசக்கூட இல்லை. தெரிந்தே ஒரு குழந்தையைச் சாகவிட்டவர் என்று திங்கட்கிழமை அவரை நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறீர்கள். அந்த ஒன்பது விநாடியைத்தான் சாட்சியாக வைத்திருக்கிறீர்கள்.

அவர் ஏன் கண்ணைத் தாழ்த்தினார் என்று விசாரணையில் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர் என் அக்கா. குழந்தை விழுந்த அன்றைக்கு என் வண்டியைக் கழுவ அங்கே போயிருந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்காவிடம் சாவியை வாங்கித் தொட்டியைத் திறந்து இரண்டு வாளி மொண்டேன். “மறக்காம மூடிடுடா” என்று அக்கா சொன்னார். “சரிக்கா, நான் என்ன சின்னப் பையனா” என்றேன். அப்போது கைபேசியில் அழைப்பு வந்தது. இந்த நிறுவனத்திலிருந்துதான், உடனே வந்தால் வேலை என்றார்கள். பேசிக்கொண்டே வெளியே போனேன். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூடியை அக்கா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேனா, எதையும் நினைக்கவே இல்லையா என்று இத்தனை வருடத்தில் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

மறுநாள் அக்கா என்னை டீச்சர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே அக்கா அழுவது கேட்டது. டீச்சர் வெளியே வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போ. போய் வேலையில சேரு. ஒரு உயிர் போனது போதும்” என்றார். அதன் பிறகு பேட்டி நாள் வரைக்கும் நான் அவர் எதிரில் போனதில்லை.

பேட்டியில் காதில் ஒலி கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தேன். தாடி வேறு வைத்திருந்தேன். அந்த நாற்பது விநாடிக்குத்தான் நிமிர வேண்டியதாயிற்று. பதினான்காவது விநாடியில் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ கேட்க வந்தார். பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, நிறுத்திக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் “போதும் டீச்சர்” என்றதும் அவர் கேட்டது பதிவில் இருக்கிறது. நீங்களே கேட்கலாம்.

“அக்கா நல்லா இருக்காங்களாப்பா?”

“இருக்காங்க டீச்சர்” என்று என் குரலும் இருக்கிறது.

வேலையில் ஒரு சாமர்த்தியம் காட்டினேன், அவ்வளவுதான் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அந்த முகத்தைத் திரையில் பார்த்தபோது, இனி யார் கேட்டாலும் பழி இந்த முகத்தோடு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகத்தான் செய்தேன்.

நீங்கள் அவரை மூன்று தடவை அழைத்து விசாரித்தீர்கள். மூன்று நாளும் நான் வேலைக்குப் போகாமல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூட்டிப்போக உங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை. ஒரு வார்த்தை, என் பெயர், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் கெட்டவன் இல்லை, சார். அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.