கத்தரிப்பூ நிறத்தில் ஏழு வீரர்கள்

பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெயின்ட் மேலே உட்காரும், அவ்வளவுதான். கையை நாலு முறை மடக்கி நீட்டினால் முழங்கையில் உரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளை பல்லை இளிக்கும். சாயம் அப்படியில்லை. வெந்நீரில் பிளாஸ்டிக் லேசாக இளகும்போது அது உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு சுரண்டினாலும் போகாது. அன்று காலை அடுப்பில் ஏன் அவ்வளவு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் இருந்தது என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். காகிதமும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. வாயால் சொன்னால் யாராவது குறுக்கே பேசிவிடுகிறார்கள்.

நான் அச்சகத்தில் நிறம் பார்க்கிறவன். கொடுத்த மாதிரித் தாளையும் எந்திரத்திலிருந்து விழும் தாளையும் அருகருகே வைத்து, மை கூடுதலா குறைவா என்று சொல்ல வேண்டும். பதினாறு வருஷ வேலை. ஒரு நிறம் என் கண்ணில் பட்டால் பட்டதுதான், மறக்காது. வீட்டில் செய்யும் பொம்மை வேலை அந்தக் கண்ணுக்கு நான் கொடுக்கும் விடுமுறை. உள்ளங்கை நீளமுள்ள வெள்ளை வீரர்களை வாங்கி, எனக்குப் பிடித்த நிறத்துக்கு மாற்றிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்துவேன். குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. அச்சகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு வீரனை அப்படியே தூக்கி வெந்நீரில் போட்டுவிட முடியாது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் முதுகைத் திறந்து தலை, கை, கால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மூட்டில் இருக்கும் முளைகள் வேறு பிளாஸ்டிக், சாயத்தை மடமடவென்று குடித்துவிடும், அவற்றை முதலில் வெளியே எடுக்க வேண்டும். செயற்கை நூல் துணிக்குப் போடும் சாயப்பொடி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, தொண்ணூறு டிகிரி சூடு. கொதிக்க விட்டால் கால் வளைந்துவிடும். நிறம் பிடித்ததும் குளிர்ந்த நீர்த் தொட்டியில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படை என்றால் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். இரண்டாம் முறை கலக்கிய சாயம் முதல் முறையோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தால் சோறு இறங்காது.

என் மனைவியைப் பற்றி நீங்கள் என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறீர்கள். நல்லவள். நாலு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. எனக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவள் இந்த வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாது. போகிறேன் என்று அவள் சொன்னதும் இல்லை. ஆனால் சில சாயங்காலம் நான் வரும்போது ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவாள். போய்விடுவாளோ என்ற பயம் வரும். அந்தப் பயத்தில் சில நாள் கை பட்டிருக்கிறது. சத்தம் போட்டதில்லை. கீழ்வீட்டு டெய்லர் அக்காவைக் கேளுங்கள், மேலே மனிதர்கள் இருக்கிறார்களா என்றே சந்தேகமாக இருக்கும் என்பார்.

கை பட்ட இடம் முதல் நாள் சிவக்கும். மறுநாள் கத்தரிப்பூ நிறம். நாலைந்து நாளில் ஓரத்தில் பச்சை ஓடி, மஞ்சளாகி, மறைந்துவிடும். நிறம் பார்க்கிறவன் கண்ணுக்கு இது தப்புமா? அந்தந்த நாளுக்கு ஏற்ற சாயத்தை நானே கலந்து, ஆற வைத்து, அதில் அவள் கையை முழங்கைக்கு மேல்வரை அமிழ்த்தி வைக்கச் சொல்வேன். பொறுமையாக உட்கார்ந்திருப்பாள். பிறகு தெருவில் போனால், வீட்டுக்காரருக்கு ஒத்தாசை செய்ததில் பட்ட சாயம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். டெய்லர் அக்கா கேலிகூடச் செய்வார். "என்னம்மா, இந்த வாரம் என்ன கலரு?" அவளும் சிரித்துவிட்டு வருவாள். மனைவியை நாலு பேர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிடக் கூடாது என்று இவ்வளவு மெனக்கெடும் கணவன் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஏழு வீரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வகைப் பொம்மையைக் கம்பெனி செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது. ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து ஆறு பேரைச் சேர்த்திருந்தேன். ஏழாமவன், நீங்கள் கேட்கும் அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை தபாலில் வந்தான். அன்று விடுப்பு எடுத்தேன். ஏழு பேரும் கத்தரிப்பூ நிறத்தில் இறங்கினார்கள். அச்சகத்திலிருந்து அவசரமாக ஆள் வந்து ஒரு தாளைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். வெப்பமானியை அவள் கையில் கொடுத்து, முள் தொண்ணூறைத் தாண்டினால் அடுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வரும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அவள் போனைக் காதில் வைத்தபடி ஜன்னலோரம் நிற்கிறாள். போனில் அவள் அண்ணன்.

"என்னங்க, ரெண்டு பேருக்குக் கால் வளைஞ்சிடுச்சு" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

போனை வாங்கி அணைத்து மேஜைமேல் வைத்தேன். அவள் கையை மணிக்கட்டுக்கு மேலே பிடித்து, சமையல் மேடையின் கல் விளிம்பில் வைத்து அழுத்தினேன். பிறகு அடித்தேன், அந்த விளிம்பில்தான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சத்தம் வரவில்லை. நானும் முடித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். வளைந்த இரண்டு பேரை எடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை அவள் கை வீங்கிக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. சாயம் மிச்சம் இருந்தது, அதிலேயே அமிழ்த்தினோம். நிறம் அவ்வளவு அழகாகப் பொருந்திய நாள் வேறில்லை. எங்கே சாயம் முடிகிறது, எங்கே அடி தொடங்குகிறது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மச்சான் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அவருக்குப் பெரிய சலவைக் கடை ஒன்றில் கறை எடுக்கும் வேலை. மற்றவர்கள் கைவிட்ட துணி அவர் மேஜைக்கு வரும், மை, எண்ணெய், ரத்தம் எதுவானாலும் எடுத்துவிடுவார். பல் குத்தும் குச்சியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரைப் போல, பஞ்சும் ஒரு சின்ன சீசாவும் எப்போதும் அவரிடம் இருக்கும். அவர் வந்தபோது நான் வளைந்த கால்களை நிமிர்த்தும் வேலையில் இருந்தேன். பெரிய பாத்திரத்தில் சாயத் தண்ணீர் தொண்ணூறில் நின்றது. பக்கத்து அடுப்பில், குறையக் குறைய ஊற்றுவதற்காகக் கெட்டிலில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, கையெல்லாம் கத்தரிக்காத் தோட்டமா இருக்கு?" என்று சிரித்தார். "இப்படி வா. ஊரான் வீட்டுக் கறையெல்லாம் எடுக்கறேன், உன் கையில இருக்கறத விட்டுடுவேனா?"

"வேணாண்ணா. தானாப் போயிடும்."

"விடுங்க மச்சான்" என்றேன் நானும். "எப்படியும் ஒரு வாரம் இருக்கும்."

"மாப்பிள்ளை, நீங்க போடற ஆளு, நான் எடுக்கற ஆளு. இன்னைக்குப் பார்த்துடலாம்."

பஞ்சை நனைத்துத் தேய்த்தார். பஞ்சு நிறம் மாறியது, புறங்கையில் தோல் தெரிந்தது. பெருமையாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்த பஞ்சோடு மேலே வந்தார். மணிக்கட்டுக்கு மேலே நிறம் போகவில்லை. இன்னொரு பஞ்சு. அதுவும் வெள்ளையாகவே திரும்பி வந்தது. சிரிப்பு நின்றது. அவர் அங்கே இருந்த விரல் தடத்தின்மேல் தன் நாலு விரலையும் கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அவள் சட்டைக் கையை மேலே சுருட்டித் தோள்வரை துடைத்துப் பார்த்தார். அவள் தடுக்கவில்லை. வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

நான் செய்த தவறு இந்த ஒன்றுதான். இரண்டும் ஒரே நிறமா என்று பார்த்தேனே ஒழிய, ஒன்று தோலுக்கு மேலே, மற்றது தோலுக்குக் கீழே என்பதை யோசிக்கவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்களைக் கேலி செய்யும் நானே அவர்களைப் போல் வேலை செய்திருக்கிறேன். கறை எடுக்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்தால் அன்று முழுக்கைச் சட்டை போடச் சொல்லியிருப்பேன்.

மச்சான் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எழுந்திரு. துணியை எடுத்துக்கோ, போலாம்" என்றார் அவளிடம்.

அவள் எழுந்து உள்ளே போனாள். துணி மடிக்க நேரமாகும், அதற்குள் நாலு வார்த்தை நயமாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அரை நிமிஷத்தில் பையோடு வந்து நின்றாள். பை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. எந்த நாளிலிருந்து அது என் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று தெரியவில்லை. அதன்மேல்தான் நான் படுத்திருந்திருக்கிறேன்.

பையின் ஜிப் மூடவில்லை. மச்சான் குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பழந்துணியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கினேன். அவசரப்படவில்லை. முதலில் அதிலிருந்த நாலு கால்களைக் கரண்டியால் எடுத்துக் குளிர்ந்த தொட்டியில் போட்டேன், மற்ற ஐந்து பேரும் அலசுவதற்காக அதில்தான் இருந்தார்கள். பிறகு வந்து அவர் தலையிலும் பிடரியிலும் ஊற்றினேன். அவர் எழுப்பிய சத்தத்தில் கீழே தையல் மெஷின் நின்றது. எழுந்திருக்கப் பார்த்தார். பாத்திரத்தின் அடிப்பாகம் கனமானது, அதைக்கொண்டு அடித்தேன். நான் நாலு அடி என்று நினைக்கிறேன். ஆறு என்று உங்கள் தாளில் இருக்கிறது, ஆறாகவே இருக்கட்டும். மூச்சு நின்ற பிறகு விழுந்த கடைசி இரண்டும் தேவையில்லாதவை என்று இப்போது தோன்றுகிறது.

அவள் மேல் தெறித்துவிட்டது என்று நேற்று சொன்னேன். நீங்கள் மருத்துவமனைத் தாளைக் காட்டினீர்கள். அவள் அண்ணன் உடம்பில் வெந்த இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம், அவள் முகத்தில் நிறமே இல்லை என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். வேறு எவனிடம் தப்பினாலும் நிறத்திடம் தப்ப முடியுமா? ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தெறிக்கவில்லை. அவள் அண்ணன்மேல் விழுந்து அழுதாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினாள். கதவில் மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ். கீழ்த்தாழ் எப்போதும் சிக்கும். நான் சமையலறைக்குப் போய்க் கெட்டிலை எடுத்து வந்தேன். போக எட்டு அடி, வர எட்டு அடி. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் முறையே திரும்பினாள். முகத்தில் ஊற்றினேன்.

அவள் கையை நீட்டித் தடவிக்கொண்டே குளிர்ந்த நீர்த் தொட்டியைத் தேடி வந்தாள். எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீரர்கள் அதில் இருந்ததால் நான் தொட்டியை மேடைமேல் தூக்கி வைத்துவிட்டேன். டெய்லர் அக்கா ஆட்களைக் கூட்டிவந்து கதவை உடைத்தபோது ஏழு பேரையும் துடைத்துக் கைகால் பூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குக் கால் முழுதாக நிமிரவில்லை.

கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். கண் தெரியாதவள் எந்த ஜன்னலில் நிற்பாள், எந்தத் தெருவைப் பார்ப்பாள்? நான் சாதம் பிசைந்து கொடுப்பேன், தலை வாரிவிடுவேன், இனி எங்களுக்குள் ஒரு குறையும் வராது. இரண்டு கண்ணும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படியானால் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு அவள் விலகி இருக்கிறாள் என்று நீங்கள் நினைப்பது சரியில்லை. ஒன்பது நாளாகியும் அவள் என்னைப் பார்க்க வராததற்குக் காரணம், கைபிடித்து இங்கே அழைத்து வர அவளுக்கு ஆள் இல்லாததுதான்.