முதுகு காட்டி நிற்பவன்

— ஏணியை விட்டு இறங்கு முதல்ல.

— கையெல்லாம் பெயிண்ட், மாமா. ரெண்டு நிமிஷம்...

— ரெண்டு நிமிஷமும் கிடையாது. ஆபீசர் வண்டி மெயின் ரோட்டுல திரும்பிடுச்சாம். சுண்ணாம்பு வாளியோட வந்திருக்கேன். அந்த ஆளை மட்டும் அழிச்சிடலாம்.

— எந்த ஆளு? தண்ணித் தொட்டிச் சுவர் பூரா ஆளுங்கதான். காலிக் குடத்தோட ஊரே வரிசையில நிக்குது.

— தெரியாத மாதிரி நடிக்காத. முதுகைக் காட்டிக்கிட்டு, தொட்டியிலேருந்து தன் வீட்டுக்குத் தனிக் குழாய் இழுக்கறானே... அவன்.

— நல்லா வந்திருக்கான் இல்ல?

— விளையாடாத! தன்னைத்தான் வரைஞ்சிருக்கீங்கன்னு பஞ்சாயத்துத் தலைவர் கொதிக்கிறார். என்னை அனுப்பினதே அவர்தான்.

— தலைவரா?

— பின்னே?

— அவர் காலையிலேயே வந்துட்டுப் போயாச்சு. பார்த்தார், சிரிச்சார், பிரஷ்ஷை வாங்கினார். அதோ கடைசியில தொப்பையும் குடமுமா ஒருத்தர்... அவரே வரைஞ்சுக்கிட்டது.

— சரி, அவர் அனுப்பல. நான் வார்டு மெம்பர். ஊர் பேர் கெடக்கூடாதுன்னு வந்தேன். அது நான்தான்னு எவனாவது சொன்னா நம்பாத.

— நான் கேட்கவே இல்லையே! எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்ன கதையா இருக்கு.

— வாய் நீளுது உனக்கு.

— நீளட்டும். தொட்டி நிறையுது, தண்ணி எங்கே போகுதுன்னு எத்தனை மனு கொடுத்தோம்? ஒருத்தர் எட்டிப் பார்க்கல. இந்தச் சுவரைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் ஆபீசரே வர்றார். அவனை அழிச்சா மிச்சம் வெறும் குடம்தான்.

— அப்போ நீயே அழி. நீ வரைஞ்சதுதானே?

— நான் கோடு போட்டுக் கொடுத்ததோட சரி. அவங்கவங்களை அவங்கவங்களே வரையணும்னு கூட்டத்துல முடிவாச்சு. முதல்ல கை தூக்கினதே நீங்கதான்.

— தன்னையே திருடன்னு எவன் வரைவான்? இது வேற யாரோ செஞ்ச வேலை. யாரு?

— வேண்டாம் மாமா...

— சொல்றியா, இல்ல வாளியோட ஊத்தவா?

— அக்கா.

— உங்க அக்காவா? என் பொண்டாட்டிக்கு பிரஷ் பிடிக்கவே தெரியாதே...

— உங்க முதுகு நல்லாத் தெரியுமே. வரிசையில உன்னை எங்கேக்கா காணோம்னு கேட்டேன். 'அந்தத் தண்ணியிலதானே நானும் சமைச்சேன், வரிசையில நிக்க எனக்கு என்ன யோக்கியதை'ன்னு அழுதா. அதான் இவ்வளவு நேரம் சொல்லல.

— அவ... அவ இப்போ வீட்டுலதானே இருக்கா?

— வீட்டுக்குப் பின்னாடி, கடப்பாரையோட. நீங்க தாராளமாச் சுண்ணாம்பு அடிங்க மாமா. ஆபீசருக்குக் காட்ட அவ குழாயையே தோண்டிக்கிட்டு இருக்கா.