அக்காவுக்கு ஒரு டைமர்

டைமர் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. உள்ளங்கை அளவு போர்டில் அடங்கிவிடும். கெப்பாசிட்டரில் ஏறிய கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். வடிந்து தீர்ந்ததும் ரிலே டக்கென்று விடும், மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசப் போகிறவர்களுக்கு நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன். மாடி வீட்டு வாத்தியாரின் தொட்டி வழிந்து தெருவில் போகிறவர்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது; அதை நிறுத்தியதே நான்தான்.

என் டைமரில் ஒரு பட்டன் கட்டாயம் இருக்கும். அமுக்கினால் கெப்பாசிட்டர் மறுபடி நிரம்பி, மோட்டார் இன்னொரு சுற்று ஓடும். உடம்பெல்லாம் சோப்போடு நிற்கிறவர் என்னைத் திட்டக் கூடாது பாருங்கள். அக்காவுக்குச் செய்ததிலும் பட்டன் வைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அம்மா போனபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. அக்காதான் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். சால்டரிங் அயனில் நான் முதன்முதலாக விரலைச் சுட்டுக்கொண்டபோது ஊதிவிட்டவளும் அவள்தான். பிறகு அந்த நோய் வந்தது. முதலில் காலை வாங்கிக்கொண்டது, அப்புறம் கையை, கடைசியில் மூச்சை. பேச்சும் வலது ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். ஒரு மெஷின் அவள் மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குள்ளேயும் ஒரு சின்ன மோட்டார்தான். பழைய மெஷின், பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அலாரத்தைக் கழற்றியது நான். சும்மா சும்மா கத்தி அவளை எழுப்பியது.

கடையை மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்தேன். அவள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை, சார். தூக்கம்தான் இல்லை.

ஒருநாள் பால் புகட்டும்போது அவளே சொன்னாள். "என்னப் பாத்துப் பாத்தே நீ ஓடாத் தேஞ்சிட்டேடா. இந்த மோட்டார் நின்னுட்டா நீயாவது நிம்மதியா இருப்பே."

மறுநாள் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். பக்கத்து வீட்டில் பிறந்திருக்கும் குழந்தையைத் தூக்கி வந்து காட்டச் சொல்லி நச்சரித்தாள். நான் முந்தின நாள் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டேன். அக்கா பேச்சை நான் தட்டியதே கிடையாது.

சுவிட்சில் விரலை வைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. அதனால்தான் டைமர்.

பட்டனை அவள் விரலுக்கடியில் வைத்தபோது, இது எதற்கென்று கேட்டாள். "நீ அமுக்குற வரைக்கும் மோட்டார் ஓடும்க்கா. உன் இஷ்டம்," என்றேன்.

"அப்ப நான் அமுக்கிக்கிட்டே இருப்பேன்டா," என்று சிரித்தாள். அக்கா எப்போதுமே கேலிக்காரி.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன். பட்டன் சத்தம் கேட்கத்தான் செய்தது. பழகிய காது, தண்ணீர்ச் சத்தத்திலும் பிரித்துக் கேட்டுவிடும். விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மோட்டார் நின்றது. பட்டன் சத்தம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வந்தது. அதுவும் ஓய்ந்த பிறகு குழாயை மூடினேன்.

உள்ளே போனால், அவள் விரல் பட்டன் மேலேயே இருந்தது. அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனி என்னை "டா" போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரு ஆள் கிடையாது, சார். அந்த மோட்டார் சத்தம் இல்லாமல் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உங்கள் ஆள் போர்டைப் பிரித்துப் பார்த்தாராமே. பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயரும் எதிலும் பற்றவைக்கப்படவில்லை, நுனியில் டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருக்கிறது என்றாராம். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஏதோ அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அந்தக் கவனக்குறைவுக்கு என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மற்றபடி, முடிவு அக்கா எடுத்ததுதான்.