வெர்னாவின் கைப்பை

எனக்குக் கதவைப் பார்த்து உட்கார்ந்துதான் பழக்கம். இந்த நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா, டிடெக்டிவ்? நன்றி. கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்றுதான் துப்பாக்கி வைத்திருக்கும் எங்களுக்குப் பயிற்சி. என் பர்ஸில் அதற்கென்றே ஒரு அட்டை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 'உயிருக்குப் பயந்து செய்தேன். வக்கீலிடம் பேச வேண்டும்.' ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்த போலீஸ்காரரிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். இப்போது அது வேண்டாம். நான் மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. என் மனைவி வெர்னாவின் கைப்பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நான் வீட்டுக்குப் போகலாம். தெரியும் என்றால் சாகும்வரை உள்ளேதான். நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

முப்பது வருஷம் இந்த ஊரில் வீடு வீடாகப் போய் ஏசி ரிப்பேர் பார்த்தவன் நான். ராய்ஸ் டாக்கெட் என்றால் டென்னஸி மாநிலத்தின் இந்த மூலையில் தெரியாதவர்கள் குறைவு. கம்பெனி பேர் போட்ட சட்டையும் கருவிப்பெட்டியும் இருந்தால் போதும், யாரும் கதவைத் திறந்துவிடுவார்கள். நாய் எங்கே, நகை எங்கே, கிழவி தனியாக இருக்கிறாளா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் நல்லவன், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே சட்டையில் வேறு ஒருவன் வந்தால்?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் ஒருவன் பின்னாலிருந்து வந்து என் தோளைத் தட்டினான். சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டான். கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. காருக்குள் உட்கார்ந்தேன், நாலு கதவையும் பூட்டினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினேன். அவன் வந்தது எனக்குத் தெரியவே இல்லை என்பதுதான் விஷயம்.

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"முகத்தைப் பாக்காதீங்க. முகம் சிரிக்கும், அழும், பொய் சொல்லும். கையைப் பாருங்க. உங்களைக் கொல்லப்போறது கைதான்."

அன்றிலிருந்து நான் கைகளைத்தான் பார்க்கிறேன். இப்போது உங்கள் வலது கை மேஜைக்குக் கீழே இருக்கிறது. பரவாயில்லை, சும்மா சொன்னேன்.

காலையில் பெல்ட், உறை, துப்பாக்கி, அதற்கு மேல் ஒரு அளவு பெரிய சட்டை. வெளியே புடைப்பு தெரியக்கூடாது. கண்ணாடி முன் நின்று இருபது முறை சட்டையைத் தூக்கித் துப்பாக்கியை எடுத்துப் பழகுவேன். முதலில் மூன்று வினாடி ஆனது. பிறகு ஒன்றரை.

வெர்னா கேலி செய்வாள். "முட்டை வாங்கத்தானே போறோம் ராய்ஸ். முட்டை திருப்பியா சுடப்போகுது?"

"கடையில முட்டை மட்டுமா இருக்கு?"

"ஆமா, மளிகைக்கடை மேபெல் இருக்கா. எண்பத்தோரு வயசு. ரொம்ப ஆபத்தானவ."

இப்படித்தான் பேசுவாள். ஓட்டலுக்குப் போனால் நான் வாசலைப் பார்த்து உட்காருவேன். எனக்கு எதிரே உட்கார்ந்து, என் முதுகுப் பக்கத்தை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரித்துக்கொண்டேதான் செய்தாள், ஆனால் செய்தாள். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவளுக்குத் தெரியாது.

நான் இல்லாதபோது அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கல்யாண நாளுக்கு ஒரு சின்னத் துப்பாக்கியும் ஒரு கைப்பையும் வாங்கிக் கொடுத்தேன். நல்ல தோல் பை. பக்கவாட்டில் தனி ஜிப், உள்ளே உறை தைத்திருக்கும். இந்த ஊரில் பாதிப் பெண்களிடம் அந்தப் பை இருக்கிறது. வேண்டாம் என்றாள். ஆறு மாதம் கெஞ்சினேன். கடைசியில் எனக்காகக் கற்றுக்கொண்டாள்.

என்னைவிட நன்றாகச் சுட்டாள். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

பயிற்சிக் களத்தில் பையன்கள் அவள் குறியைப் பார்த்துவிட்டு என்னைச் சீண்டினார்கள். "ராய்ஸ், இனிமே வீட்டுல சண்டை கிண்டை வெச்சுக்காத. சேதாரம் உனக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை காரில் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரில் யார் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று கணக்குப் போட்டவன் நான். என் சமையலறையில் ஒருத்தி இருப்பதை விட்டுவிட்டேன். அதுவும் நானே கையில் கொடுத்து, நானே சொல்லித் தந்தவள்.

வெங்காயம் நறுக்கும்போது பார்த்தேன். துணி மடிக்கும்போது பார்த்தேன். வீட்டுக்குள் வந்ததும் பையை வாசல் கொக்கியில் மாட்டச் சொன்னேன், மாட்டினாள். அவள் சட்டென்று திரும்பினால் என் கை தானாக இடுப்புக்குப் போகும். அதை அவளும் பார்த்துவிட்டாள்.

போன வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ என் முகத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"இப்பப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல. என் கையைப் பாக்கற." தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்குப் பயமா இருக்கு ராய்ஸ். திருடனுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை பிரார்த்தனை முடிஞ்சதும் அப்படியே அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். எவ்வளவு நாளுன்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. எழுந்து போய்த் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவளுடைய துப்பாக்கி இருக்கும் இடம் காலி. என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? பையில் இருக்கிறது என்றுதானே?

ஞாயிறு பதினொன்றரை மணி. சர்ச்சில் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் காருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விருந்துக்குக் கொண்டுவந்த பாத்திரங்களைப் பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வெர்னா தன் காருக்குப் பக்கத்தில் நின்றாள். பின் சீட்டில் சூட்கேஸ். நான் ஓட்டுநர் பக்கக் கதவை மறித்து நின்றேன்.

"தள்ளிக்கோ, ராய்ஸ்."

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"பேசியாச்சு. எல்லாரும் பாக்கறாங்க, வழிவிடு."

அவள் கை பக்கவாட்டு ஜிப்புக்குப் போனது. திறந்தது. உள்ளே போனது.

ஒன்றரை வினாடி. பழகினபடியே வந்தது. இரண்டு முறை, நெஞ்சில். மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார், அவள் அதிகம் கஷ்டப்படவில்லை. வெளியே வந்த கையில் கார் சாவி இருந்தது.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் துப்பாக்கிக்கடை வேட் ப்ராதரிடம் பேசிவிட்டீர்கள் என்று மேஜைமேல் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்ததிலேயே புரிந்துவிட்டது. ஆமாம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் எனக்குப் போன் செய்தான்.

"உன் வீட்டம்மா அந்தச் சின்னதை விக்கச் சொல்லி எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க. போன வாரமே. விலைச்சீட்டு கட்டி அலமாரியில வெச்சிருக்கேன். வீட்டுல எல்லாம் சரிதானே?"

சரிதான் என்றேன்.

அதனால், ஆமாம். பை காலி என்று எனக்குத் தெரியும். அந்த ஜிப்புக்குள் அவள் சாவி வைக்க ஆரம்பித்திருந்ததும் தெரியும். சனிக்கிழமை அவள் குளிக்கும்போது பார்த்தேன்.

வேறு எங்காவது இன்னொன்று வாங்கியிருக்கலாமே என்று சொல்ல நினைத்திருந்தேன். வக்கீல் அதைத்தான் சொல்லச் சொல்வார். ஆனால் நீங்கள் மரியாதையாக நடத்தினீர்கள், பொய் சொல்ல மனசு வரவில்லை. அவள் அந்தச் சாவியைப் போட்டால் கார் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் ஓட்டலில் என் முதுகுப் பக்கம் யார் பார்ப்பார்கள்? அந்த நேரத்தில் நான் பார்த்த கைகளிலேயே ஆபத்தான கை அதுதான். நான் உயிருக்குப் பயந்தேன் என்பது சத்தியம், டிடெக்டிவ். வேண்டுமானால் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. என்னுடைய துப்பாக்கியை எப்போது திருப்பித் தருவீர்கள்? வீட்டில் இனிமேல் நான் தனி. ஊர் கெட்டுக் கிடக்கிறது, யார் எப்போது யாரைச் சுடுவான் என்றே சொல்ல முடியவில்லை.