போகாத அம்மை

— மருதம்மா, ஒங்க மவன் கையில இருந்த குளுக்கோஸ் ஊசிய யாரு புடுங்குனா?

— நாந்தானுங்க, நர்சம்மா.

— ஏம்மா? பனியன் கம்பெனி மெசின்ல கை மாட்டி, புண்ணு சீழ் வச்சு, வெசம் ரத்தத்துல ஏறிக் கெடக்கான். அந்த ஊசி வழியாத்தான மருந்தே போவுது!

— கந்தவேலு வெலாவப் பாருங்க. முத்து முத்தாப் போட்டிருக்குது. ஆத்தா வந்திருக்கா. அவ இருக்கற ஒடம்புல ஊசி குத்தப்படாதுங்க.

— அதான் வேப்பிலையப் பரப்பி வச்சிருக்கியளா?

— ஆமாங்க.

— இது புதுசா வந்த அம்மை இல்லம்மா, அக்கி. ஒரு பக்கமா மட்டும் பட்டையா நிக்கு, பாத்தியளா? சின்னப் புள்ளையில இவனுக்கு அம்மை போட்டுச்சா?

— ரெண்டு பசங்களுக்குமே போட்டுதுங்க. இவனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, அவள அனுப்பிச்சு வெச்சமுங்க.

— அது போவல. ஒடம்புக்குள்ளயே ஒறங்கிக் கெடந்திருக்கு. இப்ப இவன் ஒடம்பு விட்டுப்போவவும் முழிச்சிருக்கு. பெரிய டாக்டர் அப்படித்தான் சொன்னாவ.

— இத்தன வருசமா எங்கூட்டுலயேவா இருந்தா? நல்லூர் ஆத்தா கோயலுக்கு நடந்து போயி மாவெளக்கு வெச்சனுங்களே.

— சரி, தள்ளுங்க. ஊசி போடுதேன்.

— வேண்டாமுங்க, சாமி. அப்ப சின்னவன் மணியன எனக்குத் தெரியாம அவங்கப்பா தூக்கிட்டுப் போயி ஊசி போட்டாருங்க. பொழுது உழுகறதுக்குள்ள போயிட்டான். ஊசி போடாத இவந்தான் பொழைச்சான்.

— ஊசிக்கு முன்னாலயே அவனுக்கு மூச்சு எளச்சுச்சா?

— எளச்சுதுங்க. முந்தின நாளே நெஞ்சு கர்ருகர்ருன்னுச்சு. தானாச் செரியாகும்னு நாந்தான் சொன்னேன்.

— அம்மை அப்பவே நெஞ்சுக்குள்ள போயிருக்கு, தாயி. ஊசி அவனக் கொல்லல. பிந்திப் போச்சு, அவ்வளவுதான்.

— அப்ப நாந்தான் நாளக் கடத்திப் போட்டனுங்களா?

— ஏம்மா, வாயத் தொறந்து அழுதுருங்களேன்.

— அழுகை வரலீங்க.

— இவனையும் பிந்த விடாதிய. ஊசி போடையில துள்ளுவான், கையப் புடிக்க ஆள் வேணும். வராந்தாவுலயே நிக்காவளே ஒரு பெரியவுக, அவுக யாரு?

— இவங்கப்பாங்க. மணியன் போனதுலிருந்து நான் அவருகூடப் பேசறதில்லீங்க.

— ஒரே வீட்டுலயா?

— ஒரே ஊட்டுலதானுங்க. சோத்த வெச்சுட்டு நகந்துக்குவேன்.

— சரி, நான் போயிக் கூப்புடுதேன்.

— இருங்க, நர்சம்மா... ஏனுங்க! உள்ள வாங்க. ஊசி போடோணுமாம், பையன் கையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க.